கணினி வகையறா

அரசு அலுவலகங்கள் வாங்கிய கருவிகளுக்கெல்லாம் ஒழுங்கான விவரம் சேர்ப்பதுதான் மெய்யம்மையின் வேலை. "கணினி வகையறா" என்று மொட்டையாக எழுதிச் செலவுக்கணக்குக் காட்டியிருந்த அலுவலகங்களைப் போனில் பிடித்து, அது என்ன பொருள், இப்போது ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். விவரம் கிடைக்காத பொருளெல்லாம் நாளை ஏலத்துக்குப் போய்விடும். கடைசியாக மிஞ்சியது மலைமேல் ஒரு சின்ன அலுவலகம். அங்கே எழுத்தராக இருந்த இருதயராஜ் போனும் கையுமாகச் சாமான் அறைக்குப் போனார்.

"கறுப்புப் பெட்டி மேடம். பச்சை லைட்டு மினுக்குது. சர்வர்னு எழுதியிருக்கு."

"எதுக்கு ஓடுது சார்?"

"அதான் இங்க யாருக்கும் தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடியே ஓடிட்டிருக்கு. ஆஃப் பண்ணிப் பாப்பமா? யார் கத்துறாங்களோ அவங்களோடது."

அவளுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "சரி, பண்ணுங்க" என்றாள்.

அவர் பெட்டியை நோக்கி நடக்கும் செருப்புச் சத்தம் போனில் கேட்டது. பிறகு அவர் குரல் ரகசியம் போலத் தாழ்ந்து வந்தது.

"முடியாதுங்க மேடம். சூடா இருக்குன்னு மேல பூனை குட்டி போட்டிருக்கு. வெளியில பனி கொட்டுது."

மெய்யம்மை வாய்விட்டுச் சிரித்ததில் அலுவலகக் கூடமே திரும்பிப் பார்த்தது. பொருள் சர்வர், நிலை இயங்குகிறது, ஏலத்துக்கு அனுப்பக் கூடாது என்று கணினிப் படிவத்தில் மளமளவென்று நிரப்பினாள். காரணம் எழுதாமல் சேமிக்க முடியாது என்று திரை மறுத்தது. அவளுடைய அதிகாரியோ காலையில் இதையெல்லாம் வரி வரியாகப் படிக்கிறவர். விரல் ஒரு கணம் தயங்கியது. 'மேலே பூனை குட்டி போட்டிருக்கிறது' என்று எழுதினாள். திரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.