மேல் அம்புக்குறி

அவன் கீபோர்டில் மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினான். கறுப்புத் திரையில், கடைசியாக அடித்த கட்டளை வந்து நின்றது. அதில் அவனுடைய ஃபைல் பெயர்.

மறுபடி தட்டினான். மறுபடியும் அவன் ஃபைல்தான்.

கம்ப்யூட்டர் அவனுடையதாக இருந்தால் பரவாயில்லை. அது பக்கத்து சீட் உம்மணாமூஞ்சியுடையது. தன்னுடையது மக்கர் செய்ததால், அவள் சாப்பிடப் போகும்போது கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

திரையில் நின்ற கட்டளை, டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமை ஒரே வரியில் நேரடியாக ஓட்டிக் காட்டும். தப்பிருந்தால் சிவப்பு வரிகளாகக் கொட்டும்.

பழைய கட்டளைகளின் பட்டியலை நேரத்தோடு மொத்தமாக எடுத்துப் பார்த்தான். மூன்று மாதமாக, தினமும் காலை எட்டு மணிக்கு, அவன் புரோகிராமைத்தான் ஓட்டியிருக்கிறாள். ஒரே நாளில் பத்துத் தடவைகூட.

அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடப்பதும் மூன்று மாதமாகத்தான். ஆறு மணியானால், எழுதியதை ஒரு தடவை ஓட்டிக்கூடப் பார்க்காமல் டீம் ஃபோல்டரில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவான். மறுநாள் பத்து மணிக்கு வந்து சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

அவன், அவள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும். அதற்காக இப்படியா குற்றம் தேடுவாள்?

அவள் திரும்பி வந்தாள்.

"காலையில எட்டு மணிக்கே வந்துடறீங்களாமே?"

"ஆமா."

"அப்படி என்ன வேலை?"

"ஏதோ இருக்கும். முடிஞ்சுதுன்னா எந்திரிங்க."

நேரே டீம் லீடர் அறைக்குப் போனான்.

"சார், பக்கத்து சீட் அம்மாவைப் பத்தி ஒரு புகார்..."

"இருங்க, முதல்ல உக்காருங்க. அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் சார்."

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். வீட்டுல இவ்வளவு கஷ்டத்தை வெச்சுக்கிட்டு எப்படிங்க முடியுது? தினமும் பத்து மணிக்கு உங்க ஃபைலை ஓட்டறேன். மூணு மாசமா ஒரு சிவப்பு வரிகூட வரல. நிரந்தரத்துக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்."

நேற்று சாயங்காலம் கண் சொருகச் சொருக அடித்த கடைசிப் பகுதி நினைவுக்கு வந்தது. அதைப் பாதியில்தான் விட்டுப் போயிருந்தான். அது எப்படிச் சிவப்பில்லாமல் ஓடியிருக்கும்?

அந்தப் பட்டியலில், எத்தனை தடவை ஓட்டினாள் என்பதுதான் இருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் உட்கார்ந்து என்ன செய்தாள் என்பது இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

லீடர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா வேலைதான் எப்பவும் லேட்டு. சொல்லுங்க, அவங்களைப் பத்தி என்னவோ புகார்னீங்களே?"