ரைமிங் பிழை

"ஆரோ இந்த எஞ்சினிலை கை வைக்கினம், அண்ணை," என்றாள் கிறிஸ்ரினா.

"இந்த வளவுக்கை நீரும் உம்மடை நாயும்தானே, பிள்ளை. ஆர் கை வைக்கிறது?" பத்திநாதர் சிரித்தார். "பழைய எஞ்சின். அதிர்வுக்கு இளகுது."

ஓட்டிப் பார்ப்பதற்காக, தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் அவளுடைய படகு எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. கயிற்றை இழுத்ததும் இயங்கியது. வேகம் கொடுத்தால் மட்டும் இருமியது, புகைத்தது, சோர்ந்தது. இரண்டு மாதத்தில் இது ஆறாவது தரம்.

கணவர் இறந்து நாலு வருசம். மகன் கட்டாரில். எழுவைதீவின் கரையோரம் கிறிஸ்ரினா தனியாக இருந்தாள்; தனியாகவே நண்டுவலைக்குப் போய்வந்தாள். எஞ்சின் சோர்ந்தால் ஊர்காவற்றுறையிலிருக்கும் மெக்கானிக் பத்திநாதருக்குப் போன் எடுப்பாள். மறுநாள் காலைப் படகிலேயே அவர் வந்து இறங்கிவிடுவார். தான் செய்த வேலை நிற்கவில்லையே என்று, முதல் தரத்துக்குப் பிறகு அவர் கூலியும் வாங்கவில்லை.

இன்றும் அவர் வந்தபோதே நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு பீங்கான் தட்டுகள் கழுவித் தயாராக இருந்தன.

பத்திநாதர் மூடியைக் கழற்றினார். மேலிருந்த சக்கரத்தை மெல்லச் சுற்றி, அதிலிருந்த துளை வழியே ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே நெருப்புப் பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறிய பொயின்ற் சோடி. அதன் இடைவெளிக்குள் அளவுத் தகடு நுழையவில்லை.

"திருகாணி இளகி, பொயின்ற் கிட்ட வந்திட்டுது. நெருப்பு பிந்தி அடிக்குது. ரைமிங் பிழைச்சா எஞ்சின் ஓடும், ஆனா இழுக்காது."

"போனமுறையும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்," என்று நிமிர்ந்தவரின் கண்ணில் அவளுடைய விரல்கள் பட்டன. நகக்கண்களில் கறுப்பாகக் கிறீஸ். "மூடியைக் கழட்டினனீரோ?"

"நேற்று ஒருக்காத் திறந்து பாத்தனான்."

"பாத்து?"

"எனக்கென்ன விளங்கும், அண்ணை?" அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் மறுபடியும் சக்கரத்தின் பக்கம் குனிந்தார். தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு மனிசக் குரல் கேட்க எத்தனை சாக்கு வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மனைவி இறந்த பிறகு அவர் வீட்டிலும் ரேடியோதான் பேசுகிறது.

"வெயில் ஏறுது. சாப்பிட்டிட்டுப் பாப்பம், வாங்கோ," என்றாள்.

சாப்பிடும்போது அவளுடைய நாயைப் பற்றிக் கதைத்தார்கள். மகன் அனுப்பிய படங்களைப் பார்த்தார்கள். "இரவைக்கு என்ன சாப்பாடு?" என்று அவள் கேட்க, "கடையிலை பாண் எடுப்பன்," என்றார். அப்போதுதான் அவள் கரண்டியால் சாப்பிடுவதைக் கவனித்தார்.

"ஏன் பிள்ளை கரண்டி?"

கிறிஸ்ரினா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்து கிடந்தது.

"எப்பவும் கரை வந்து சேருமட்டும் எப்பிடியோ இழுத்துப்போடும். இந்தமுறை நடுக்கடலிலையே இழுக்காமல் விட்டிட்டுது. சோழகக் காத்து வேறை எதிர்த்து அடிச்சுது. மூண்டு மணித்தியாலம் துடுப்பு வலிச்சனான். கரை தெரியுது, அண்ணை, வந்து சேர ஏலாமல் கிடந்துது."

பத்திநாதர் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பப் பீங்கானில் வைத்தார்.

"ஏன் போனிலை சொல்லேல்லை?"

"சொல்லி? நீங்கள் என்ன நீந்தியே வாறது?" அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மிச்சச் சோற்றையும் சாப்பிடவில்லை.

திரும்பப் பீப்பாயடிக்கு வந்து வேலையைத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த அளவுத் தகட்டை மறுபடியும் துடைத்தார். அதைப் பொயின்ற்றுக்கு இடையில் வைத்து, சக்கரத்தை மூன்று தரம் சுற்றிச் சரிபார்த்தார்.

கடைசித் திருகாணியை இறுக்கும் நேரம் அவர் வழக்கமாகத் தண்ணீர் கேட்பார். கிறிஸ்ரினா செம்பை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"வேண்டாம். இதிலை நிண்டு ரோச்சைப் பிடியும்," என்றார்.

அவள் பார்த்துக்கொண்டு நிற்க, முழுப் பலத்தையும் கொடுத்து அந்தத் திருகாணியை இறுக்கினார். நெற்றி வியர்வை சக்கரத்தில் சொட்டியது.

முதல் இழுவையிலேயே எஞ்சின் சீறியது. பீப்பாய்த் தண்ணீரை வெளியே அள்ளிக் கொட்டியது. எவ்வளவு வேகம் கொடுத்தும் ஒரு இருமலும் இல்லை.

"இனி இளகாது, பிள்ளை."

"நிச்சயமோ?"

"நிச்சயம். இனி நான் வரத் தேவையிராது." அவர் அவளைப் பார்க்காமலே சாமான்களைப் பைக்குள் போட்டார்.

இறங்குதுறைக்கு அவளும் கூட வந்தாள். பின்னேரப் படகில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பத்திநாதர் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். இரவுக்கென்று கட்டிக் கொண்டுவந்த பிட்டையும் கறியையும் கிறிஸ்ரினா அந்தப் பையின் மேல் வைத்தாள்.

"கவனமாத் தொழிலுக்குப் போம்," என்றார் அவர்.

படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். கிறிஸ்ரினா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இனி என்ரை வீட்டை வாறதுக்கு எஞ்சினைப் பழுதாக்கத் தேவையில்லை, அண்ணை."