தாய்மாமன் மடி

மடியில் குழந்தை ஏறி உட்கார்ந்ததும் அது வந்தது.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு கழுத்தடியில் ஒரு சூடு. கோயில் மண்டபத்துச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று.

எழுந்து ஓடு என்றது உடம்பு.

எங்கே ஓடுவது? மடியில் அக்கா மகள் நறுமுகை. மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. எதிரே ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளை இருக்க வேண்டும். அவளுக்கு வாய்த்தது ஒரே மாமன்.

சித்திரையிலிருந்து டாக்டர், திடீரென்று வரும் இந்தப் பதற்றத்துக்கு அவன் போடும் மாத்திரையைக் குறைத்து வருகிறார். ஒன்று பாதியாயிற்று. பாதி, காலாயிற்று. குறைக்கும்போது அது அவ்வப்போது எட்டிப் பார்க்கும் என்று சொல்லித்தான் இருந்தார். வந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள், வந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

தாங்கவே முடியாவிட்டால் போட்டுக்கொள்ள ஒன்று சட்டைப்பையில் இருந்தது.

குழந்தை அந்தப் பையின் மேல்தான் சாய்ந்திருந்தாள்.

அக்கா தேன்மொழி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். குனிந்து காதோரம் சொன்னாள்.

"முடியலன்னா எந்திரிச்சிரு தம்பி. அத்தானப் பிடிக்கச் சொல்றேன். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

நினைப்பார்கள். அது அவனுக்கு இப்போது பெரிதாகப் படவில்லை. குழந்தை அவன் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இருக்கேன்க்கா."

செத்துப்போவோம் என்றது உடம்பு. எப்போதும் அதையேதான் சொல்லும். ஒரு தடவையும் சொன்னபடி நடந்ததில்லை.

மூச்சை மெதுவாக வெளியே விட்டான். இன்னும் மெதுவாக.

நறுமுகை அவன் மார்பில் காதை வைத்தாள்.

"மாமா, உள்ள என்ன ஓடுது?"

"நெஞ்சு."

"எங்க ஓடுது?"

"எங்கயும் போகல. இங்கயேதான் ஓடுது."

"ஏன்?"

"பயம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆசாரியின் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"ஒனக்குமா குத்தப்போறாங்க?"

"எனக்கு இல்ல. சும்மாவே வரும்."

"வந்து?"

"வந்துட்டுப் போயிரும்."

சொன்ன பிறகுதான் அவன் காதிலும் அது விழுந்தது.

ஆசாரி அவசரப்படவில்லை. வெற்றிலையை மென்றபடி காத்திருந்தார். சூடு காதுவரை ஏறியது. கண் முன்னால் புள்ளிகள். அவன் எதிர்க்கவில்லை. குழந்தையின் முதுகு அவன் மூச்சோடு ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அது அவள் மூச்சா, தன் மூச்சா என்றே தெரியவில்லை.

நாதஸ்வரம் மறுபடியும் பக்கத்தில் கேட்கத் தொடங்கியது.

அவன் ஆசாரியைப் பார்த்துத் தலையசைத்தான்.

ஒரு காது. வீறிட்டாள். மறு காது. மண்டபமே அதிர்ந்தது. அவன் கைகள் அசையவில்லை. யாரோ வாயில் வாழைப்பழத்தைத் திணித்ததும், அழுகையினூடே மெல்லத் தொடங்கினாள்.

"ஆடாம பிடிச்சீங்க, மாப்பிள்ளை," என்றார் ஆசாரி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டை முழுக்க வியர்வை. முட்டி இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

சாம்பார் வாளியோடு வந்த தேன்மொழி, நினைத்தால் எழுந்து போக வசதியாக அவன் எப்போதும் உட்காரும் வாசலோரத்து இலைகளில் தம்பியைத் தேடினாள். அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைத் தேடிப் போய்விட்டானோ என்று ஒரு கணம் நின்றாள்.

உள்வரிசையில் இருந்தான். முதுகுக்குப் பின்னால் சுவர். இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் அத்தானின் தம்பிகள். நடுவிலே யாராவது எழுந்தால் பாதிப் பந்தியும் எழ வேண்டும்.

அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் இலைக்கு மேல் குனிந்து, சோற்றில் குழி பறிக்கச் சொல்லிவிட்டு, வாளியைச் சாய்த்தாள்.

"சூடா இருக்கு. மெதுவாச் சாப்பிடு."