ஸ்ரீரஞ்சனியின் அமெரிக்காக்காரர்

சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, ஸ்ரீரஞ்சனி இன்றைக்கும் அந்த அமெரிக்காக்காரனைப் பற்றி ஆரம்பித்தாள்.

"பாவம் அவர். டாக்டர் இன்னும் ஒரு வார்த்தை எழுதலை."

காலையில் வேலைக்குக் கிளம்பும் புருஷனுக்குச் சாதம் போடும்போது பேசுகிற பேச்சா இது? ஒரு வாரமாக எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இதே பேச்சுதான்.

என் மனைவிக்குப் பாண்டி பஜாரில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் குறிப்புகள் கம்ப்யூட்டரில் வந்து இறங்கும். எந்த வியாதிக்கு என்ன நம்பர் என்று பார்த்து இவள் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். மெடிக்கல் கோடிங் என்று பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது இன்னும் புரியவில்லை.

இந்த ஆளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியே இருக்கிறதாம், டாக்டர்தான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

டாக்டர் எழுதாத வியாதிக்கு இவள் நம்பர் போடக் கூடாது. கண்ணெதிரே தெரிந்தாலும் கூடாது. டாக்டரிடம் கேள்வி எழுதி அனுப்பி, அவர் கையால் எழுத வைக்க வேண்டும். அதுதான் அந்த வேலையின் சட்டம்.

சரி, கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியதுதானே. இவள் அவனை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐம்பது தாண்டியவனாம். வலி ஒன்றும் கிடையாதாம், அதனால் அலட்சியமாம். வேலை பார்க்கிற இடத்தில் கெமிக்கலாம், சிகரெட் வேறாம். உள்ளே கட்டி ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிறாள். சொல்லும்போதே குரல் கம்மிவிடுகிறது. ராத்திரியில் தூங்காமல் புரள்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும்தான் ஈக்காட்டுத்தாங்கல் பிரஸ்ஸில் நாள் முழுக்க மையில் கிடக்கிறேன். டீக்கடை ஓரமாக நானும்தான் ஒன்று பற்றவைக்கிறேன். அது தெரிந்தால் இங்கே 'பாவம்' கிடைக்குமா, அர்ச்சனைதான் கிடைக்கும்.

போன மாசம் பிரஸ்ஸில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்கப் நடந்தது. உடம்பு ஃபிட் என்று டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கூடக் கொடுத்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இவள் ஏதோ சொல்ல வந்தபோது, நம்பர் போடுகிறவள் எனக்கு வைத்தியம் சொல்ல வேண்டாம் என்றேன். அதோடு என் உடம்பைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். இருந்த அக்கறையெல்லாம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

"ஆள் எப்படி இருப்பான்?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொண்டேன்.

முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருக்கும், மூக்கு எடுப்பாக இருக்கும், கோபம் பொசுக்கென்று வரும் என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்தக் குறிப்புகளில் பேர்கூட இருக்காது, வயசும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும் என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். அப்புறம் மூக்கு எப்படித் தெரிந்தது? போட்டோ அனுப்பியிருக்கிறானா? இன்டர்நெட் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதில் எல்லாம் முடியும் என்கிறார்கள். கட்டியவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறொருத்தன் மூக்கை வர்ணிக்கிறாள்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவேள்?" என்று கேட்டாள்.

விடுவேனா? அவனைவிட நான் எதிலும் குறைந்தவனில்லை என்று காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நானா இருந்தா, அந்த டாக்டர் எழுதினா என்ன எழுதாட்டா என்ன, அன்னிக்கே வேற பெரிய டாக்டர்ட்ட போய் நின்னிருப்பேன். அவனுக்கும் ஆத்துக்காரின்னு ஒருத்தி இருப்பாளே, அவ என்ன பாடு பட்டுண்டிருக்காளோ. கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு, மடையன்."

பேசி முடித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஸ்ரீரஞ்சனி மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் ஆபீசுக்குத் தயாராகியிருக்கவில்லை. சாப்பாட்டு டப்பா கட்டவில்லை, என் டப்பாவும் காலியாகவே இருந்தது.

"ராயப்பேட்டைல பெரிய டாக்டர் ஒருத்தர்ட்ட சொல்லி வெச்சிருக்கேன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார். சீக்கிரம் கை அலம்பிண்டு வாங்கோ."

அமெரிக்காக்காரனுக்கு ராயப்பேட்டையில் என்னடி டாக்டர் என்றேன்.

"அமெரிக்கால அப்படி ஒருத்தரும் கிடையாது" என்றாள்.

குரல் கம்மியிருந்தது, ஒரு வாரமாகக் கம்மியது போலவே.

கை அலம்ப எழுந்தேன். எவனோ ஒருத்தன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.