நுணா மரத்துக் கூடு

“வாயத் தொறங்கப்பா. இன்னும் ரெண்டே கரண்டி.”

சுப்பன் வாயைத் திறக்கவில்லை. சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி வாசல் நுணா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனா கரண்டியும் கையுமாக நின்றாள். மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு பாயா ரும்புட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்த கால்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் என்ன கெட்டுவிடப் போகிறது.

அந்த நேரத்தில்தான் தம்பி கோகுலராஜ் காரை விட்டு இறங்கி வந்தான். கையிலிருந்த பையை மேசையில் கவிழ்த்தான். ஒரு புது வேட்டி, ஒரு டின் கறுப்பு பீர், வெற்றிலை பாக்கு.

“வெள்ளிக்கெழம வருசப் படையலுக்குக்கா. நீ மறந்துருவன்னு நானே வாங்கிட்டேன்.”

நாற்காலியில் இருந்தவரிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் அப்படித்தான். மோகனா அதைக் கேட்பதை விட்டு நாளாயிற்று.

“அங்க என்ன பாக்குறாரு?” அதையும் அக்காளிடம்தான் கேட்டான்.

மரத்தில் இரண்டு பெரிய இலைகளை நாரால் சேர்த்துத் தைத்து ஒரு கூடு. தைத்தது ஒரு கைப்பிடிக்குக்கூடக் காணாத தையல்சிட்டு. உள்ளே இருந்த குஞ்சோ தின்று தின்று பெருத்து, தையல் பிரிந்துவிடும் போலப் பிதுங்கிக்கொண்டிருந்தது. சிட்டு ஒரு புழுவோடு வந்தது, குஞ்சின் முதுகிலேயே ஏறி நின்று ஊட்டியது, உடனே அடுத்த புழுவுக்குப் பறந்தது.

“இது அதோட குஞ்சாக்கா? ஆத்தாளவிட மூணு பங்கு இருக்கு.”

“குயில் குஞ்சுடா.”

“குயிலு காக்கா கூட்டுலதானே முட்ட போடும்?”

“இது சின்ன ஜாதி. அழுவுற மாதிரி கத்துமே, அது. இந்தக் குருவி அசந்த நேரமாப் பாத்து முட்டைய வச்சிட்டுப் போயிருச்சு. பொரிஞ்சு வந்த குஞ்சு, மத்த முட்டையெல்லாம் முதுகால நெம்பிக் கீழ தள்ளிருச்சு. அப்பா பாத்துக்கிட்டேதான் இருந்தாரு.”

கோகுலராஜ் மரத்தடியில் குனிந்தான். காய்ந்த முட்டை ஓடு இரண்டு துண்டு இன்னும் மண்ணில் கிடந்தது.

“ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்பாங்க. இங்க தன் புள்ள மண்ணோட மண்ணாப் போச்சு. இந்தக் குருவிக்கு மூளையே இல்லலா. பேசாம இதத் தூக்கிப் போட்டுருவோம்.”

சொன்னதோடு நில்லாமல் கையையும் நீட்டிவிட்டான்.

“விடுடா. அதுக்கும் பசிக்குந்தானே.”

நீட்டிய கை மடங்கிச் சட்டைப் பைக்குள் போய் ஒரு ஃபாரத்தோடு வெளியே வந்தது. செர்காம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். ஆறு மாதமாக அவன் சொல்லி வைத்திருந்த ஒரு கட்டில் இப்போது காலியாகியிருந்தது.

“நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிரும். மூணு வருசம் பாத்தாச்சுக்கா. ஒம் மூஞ்சிய நீ கண்ணாடியில பாத்தியா? தெனம் வேலைக்குப் போறப்ப பக்கத்து வீட்டு சாந்தி அக்காவ வேற கெஞ்சணும். போதும்லா.”

அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. இந்த மூன்று வருஷத்தில் மோகனா ஒரு தூக்கத்தையும் முழுதாகத் தூங்கியதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாட்களும் உண்டு. ஃபாரத்தை வாங்கிக் கஞ்சி பிளாஸ்க்கின் அடியில் வைத்தாள்.

“சாயங்காலம் போட்டு வைக்கிறேன்.”

அவனுக்கு அதுவே பெரிது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சிட்டு அடுத்த புழுவோடு வந்து இறங்கியது. அதைப் பார்த்தபடியே சுப்பன் பேசினார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர்.

“கையெழுத்தப் போட்டுரும்மா. நான் போறேன்.”

“பேசாம சாப்பிடுங்கப்பா.” கரண்டியை வாய்க்குள் வைத்தாள்.

“இல்லம்மா. ஒன்னு சொல்லிட்டுத்தான் போவணும்.” விழுங்கியும் விழுங்காமலும் சொன்னார். “ஆஸ்பத்திரியில ஒங்கப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலு எனக்கு. வயசான மனுசன்னு நீ என்னையும் அப்பான்னுதான் கூப்புடுவ. அதக் கேட்டு நர்ஸு ஒன்ன என் மகள்னு தப்பா எழுதிட்டாங்கன்னுதானே எல்லாரும் நெனைக்கிறீங்க? அவங்க தப்பா எழுதல. ஒங்கப்பா கண்ண மூடுன அன்னிக்கு, ஒனக்கு யாரு இருக்கான்னு எங்கிட்ட கேட்டாங்க. நீதான் என் மகள்னு நான் பொய் சொன்னேன்.”

தலையைக் குனிந்துகொண்டார். உதட்டோரம் வழிந்த கஞ்சி தாடையில் இறங்கியது. மோகனா துண்டைத் தேடினாள். கையில் அகப்பட்டது பிளாஸ்க்குக்கு அடியிலிருந்த ஃபாரம். அதை உருவி அதாலேயே அவர் தாடையைத் துடைத்தாள்.

“தெரியும்பா. நான் கதவோரமாத்தான் நின்னேன். எங்கப்பாவுக்குன்னு கொண்டாந்த கஞ்சி கையில இன்னும் சூடா இருந்துச்சு.”