ஏழு பெடல்கள்

நாடகத்தில் தேவதை வந்து இறங்கும்போது தந்திகளை ஒருமுறை வருடிவிட்டுப் போவதற்குத்தான் லோரேனையும் அவளுடைய ஆளுயர யாழான ஹார்ப்பையும் அந்த வானொலி நிலையத்தில் வைத்திருந்தார்கள். அன்று ஜாஸ் குழுவின் பியானோக்காரருக்குக் கடும் காய்ச்சல். நேரடி ஒலிபரப்புக்கு ஐந்தே நிமிடம். “நான் வாசிக்கட்டுமா?” என்றாள் லோரேன். மைக்குகளுக்குப் பொறுப்பான குணநாயகம் அவள் காலடியைப் பார்த்தார். ஹார்ப்பில் சுரத்தை மாற்றக் காலடியில் ஏழு பெடல்கள். ஜாஸுக்கோ அவற்றை ஓயாமல் மிதிக்க வேண்டும்.

“சப்பாத்தைக் கழட்டுங்கோ மிஸ். தடதடவெண்டு மைக்கில கேக்கும்.”

கழற்றினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஊரே அவள் விரல்களைக் கேட்டது. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற குணநாயகம் மட்டும் பாதங்களைப் பார்த்தார். சுடுமணலில் ஓடுகிறவளுடையவை போல அவை பெடலுக்குப் பெடல் தாவின; முகத்திலோ ஒரு சலனமில்லை.

கடிதங்கள் குவிந்தன. ‘ஹார்ப் வாசித்த அந்த இரண்டு பேர் யார்?’ என்றுகூடக் கேட்டிருந்தார்கள். லோரேனுக்கென்றே வாரம் அரைமணி நேரம் ஒதுக்கினார்கள். முதல் நாள் அவள் தானாகவே குனிந்து சப்பாத்து வாரைத் தளர்த்தினாள்.

“வேண்டாம் மிஸ், போட்டுக்கொண்டே வாசியுங்கோ. அந்த ரெண்டாவது ஆளையும் சனம் கேக்கட்டும்” என்ற குணநாயகம், இரண்டாவது மைக்கை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார்.