பதுக்கல் அம்பலம்

அறுபத்தாறாம் ஆண்டு அரிசிப் பஞ்சத்தில், நிருபர் அருளானந்தம் அவர்கள் செஞ்சி வட்டாரப் பதுக்கல் வியாபாரிகளைத் துப்புத் துலக்கி நூலே எழுதிவிட்டார். எவருக்கும் அஞ்சாதவர் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். அரிசி மண்டி முதலாளி பாவாடைக்கு மட்டும் அஞ்சி, அவர் பெயரை விட்டுவிட்டார்.

நூல் வெளியான வாரமே பாவாடை வீடேறி வந்தார்.

"யோவ், புக்குல இன்னாய்யா எழுதி வச்சிருக்கிற?"

அருளானந்தம் எழுந்து கும்பிட்டார். "ஐயா, தங்கள் பெயர் எங்குமே இல்லையே!"

"அதத்தான்யா கேக்கறேன்! வல்லத்தான் பேரு இருக்குது, தளவானூரான் பேரு இருக்குது. எம்பேரு எங்க?"

"அவர்களுக்கு அவமானமல்லவா, ஐயா?"

"இன்னா அவமானம்? அரிசி இருக்கிற எடம் தெரிஞ்சிபோயி, ஊரே அவனுங்க வாசல்ல நிக்குது. நான் பதுக்குன மூட்டைய எவன்யா வாங்குவான்?"

அருளானந்தம் பணிவுடன் பேனாவைத் திறந்தார்.

"இரண்டாம் பதிப்பில் தங்கள் பெயரே முதலில் வரும், ஐயா. கடை விலாசம் சொல்லுங்கள்."